அவன் வேலைக்குப் போயிருக்கான்

மருமகள்: அத்தை, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க. வீடியோவுல பாதி மூஞ்சிதான் தெரியுது.

மாமியார்: மீதி மூஞ்சியும் அதே மாதிரிதான் இருக்கும். நேத்து பார்த்தவங்களுக்குத் தெரியும்.

மருமகள்: தையல் மெஷினையாவது நிறுத்துங்க. நீங்க பேசுறது கேக்காது.

மாமியார்: நிறுத்தினா கிளினிக் வேலை எப்படி முடியும்? அஞ்சு மணிக்கு ஆள் வருது. ஆறு ஜன்னல் திரைக்கு இன்னும் அடி மடிப்பே தைக்கலை. அதுவும் போக, இந்தச் சத்தம் கேட்டாத்தான் தூக்கம் வருதுன்னு யாரோ எழுதினாங்கன்னு நீதானே படிச்சே?

மருமகள்: அது ஒருத்தர். நம்ம வீடியோவைப் பார்க்கிற ஒண்ணேமுக்கால் லட்சம் பேர்ல ஒருத்தர்.

மாமியார்: பாவம், அந்த ஒருத்தராவது தூங்கட்டுமே.

மருமகள்: சரி... ஓடுது. வணக்கம் சொல்லுங்க.

மாமியார்: தினமும் வந்து எட்டிப் பார்க்கிறவங்களுக்கு என்ன வணக்கம். ஏம்மா, கத்தரிக்கோல் எங்க?

மருமகள்: உங்க மடியில.

மாமியார்: ம்... கேட்டீங்களா? மாமியாருக்குப் பதில் சொல்ற லட்சணம். மடியிலன்னு ஒரே வெட்டு. இன்னும் ரெண்டு வார்த்தை சேர்த்துச் சொன்னா வாய் தேஞ்சு போயிடும்.

மருமகள்: சேர்த்துச் சொன்னா, எனக்குக் கண்ணு தெரியலைன்னு ஊருக்கே சொல்றியான்னு கேப்பீங்க.

மாமியார்: கேப்பேன். பின்ன கேக்காம?

மருமகள்: அப்புறம் எதுக்கு நான் வாயைக் குடுக்கணும்? நேத்து வந்த கேள்வியைப் படிக்கிறேன். "உங்க ரெண்டு பேருக்கும் சண்டை வந்தா யார் முதல்ல பேசுவீங்க?"

மாமியார்: யாருக்கு முதல்ல நூல் தீருதோ அவங்க.

மருமகள்: ஆமா. நூல் டப்பா வீட்டுல ஒண்ணுதான். அதுவும் இவங்க நாற்காலிக்கு அடியில. அதனால நான்தான் எப்பவும்...

மாமியார்: பொய். போன வாரம் நான்தானே பேசினேன்?

மருமகள்: "பாத்ரூம் குழாயை யாரு மூடாம விட்டது"ன்னு கேட்டது பேச்சா?

மாமியார்: பேச்சு இல்லாம அது என்ன பாட்டா?

மருமகள்: சரி சரி. அடுத்தது... "அம்மா, உங்க 'ரெண்டு மெஷின்' வீடியோ பக்கத்தை ஒரு வருஷமா பார்க்கிறேன். உங்க மகனை ஒரு நாள்கூட காட்டினதில்லையே. அவர் எங்க?"

மாமியார்: இந்த நூல் வேற சிக்கிக்குச்சு.

மருமகள்: அத்தை.

மாமியார்: அவன் வேலைக்குப் போயிருக்கான்.

மருமகள்: ஆமா... வேலை.

மாமியார்: வேலை ஜாஸ்தி அவனுக்கு.

மருமகள்: ரொம்ப ஜாஸ்தி... யாரு அது, மணி அடிக்கிறது? கிளினிக்காரங்க அஞ்சு மணின்னுதானே சொன்னாங்க?

மாமியார்: அவங்க இல்லை. முதல்ல போனை அணை.

மருமகள்: ஏன்?

மாமியார்: அணைன்னா அணை. வந்திருக்கிறது அவன்தான்.

மருமகள்: எவன்?

மாமியார்: நான் பெத்தவன். காலைல போன் பண்ணினான், நாலு மணிக்கு வரேன்னு.

மருமகள்: பதினாலு மாசம் கழிச்சு ஒருத்தர் வர்றார்... அதைச் சொல்லாம நீங்க காலைலேர்ந்து கத்தரிக்கோல் தேடிட்டிருக்கீங்களா?

மாமியார்: சொல்லியிருந்தா நீ ஜன்னலைத் துடைப்பே. தலையை வாரிக்குவே. எனக்கு அது வேணாம்னு தோணிச்சு. இப்படியே, உடம்பெல்லாம் நூல் ஒட்டிக்கிட்டு போய்த் திற.

மருமகள்: ...அணைச்சாச்சு. திறக்கிறேன்.

மகன்: ...உள்ள வரலாமா?

மருமகள்: வாங்க.

மகன்: செருப்பைக் கழட்டணுமா?

மாமியார்: இங்க இருந்தப்போ கழட்டினே. விருந்தாளின்னா உன் இஷ்டம். துணியை மட்டும் மிதிக்காதே, நாளைக்கு நோயாளிங்க பக்கத்துல தொங்கப் போறது.

மகன்: அந்த போன்... ஓடிட்டிருக்கா?

மருமகள்: அணைச்சாச்சு.

மகன்: காட்டு.

மருமகள்: இதோ. போதுமா? உள்ரூம்ல கொண்டு போய் வெச்சுட்டு வரவா?

மகன்: வை.

மருமகள்: ...வெச்சாச்சு. உக்காருங்க.

மகன்: எப்படிம்மா இருக்கே?

மாமியார்: அதைத்தான் தினமும் மத்தியானம் போடுறோமே. பார்க்கிறதில்லையா?

மகன்: பார்த்தேன். அதைப் பத்திப் பேசத்தான் வந்தேன். அதையெல்லாம் எடுத்துடணும்.

மருமகள்: எதை?

மகன்: மொத்தத்தையும். முன்னூத்திப் பன்னிரண்டு வீடியோ.

மருமகள்: எண்ணியிருக்கீங்க.

மகன்: ஆபீஸ்ல சிரிக்கிறாங்க.

மாமியார்: சிரிக்கத்தானேடா போடுறோம்.

மகன்: அம்மா, விளையாடாதே. வீட்டு விஷயத்தை எல்லாம் கொண்டு போய் உலகத்துக்கு விரிச்சு வெச்சிருக்கீங்க.

மாமியார்: என்னத்தை விரிச்சோம்? குழாய் சொட்டுது. என் முட்டி வலிக்குது. இவ கறுப்புத் துணிக்கு வெள்ளை நூல் கோத்துட்டா. இதுல எது ரகசியம்?

மகன்: என்னைப் பத்திச் சொல்லியிருக்கே.

மாமியார்: உன் பேரைச் சொன்னேனா?

மகன்: பேரு மட்டும்தான் சொல்லலை. புருவத்துல மூணு தையல்னு சொன்னே...

மாமியார்: கட்டிங் மேஜைலேர்ந்து விழுந்தே. டாக்டர் கோணலா தச்சுட்டார். நான் தச்சிருந்தா தெரிஞ்சே இருக்காதுன்னு சொன்னேன். எல்லாருக்கும் பிடிச்சுது.

மகன்: ரொட்டியில ஓரத்தை மட்டும் தின்னுட்டு நடுவுல மிச்சம் வைப்பான்னு சொன்னே. தும்மினா ஏழு தடவை தும்முவான்னு சொன்னே.

மாமியார்: ஏழுதானே? இப்போ கூடியிருக்கா?

மகன்: தெரிஞ்சவங்க கண்டுபிடிச்சுடுவாங்க, அம்மா.

மருமகள்: எந்தத் தெரிஞ்சவங்க?

மகன்: ...ஆபீஸ்ல.

மருமகள்: நீங்க ரொட்டி எப்படித் தின்பீங்கன்னு ஆபீஸ்ல யாரு பார்க்கிறா?

மாமியார்: கேக்கிறாள்ல? சொல்லு.

மகன்: ஒரு பொண்ணு இருக்கா. ஆறு மாசத்துல கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கோம். அதுக்குள்ள நம்ம விவாகரத்துப் பேப்பரை முடிச்சுக்கலாம். வக்கீல் அனுப்புவார், கையெழுத்து மட்டும் போட்டுடு. யாருக்கும் சத்தம் இல்லாம...

மருமகள்: அந்தப் பொண்ணுக்கு என்னைப் பத்தித் தெரியுமா?

மகன்: அது இப்போ எதுக்கு?

மருமகள்: தெரியுமா?

மகன்: எனக்குக் கல்யாணம் ஆகலைன்னு சொல்லியிருக்கேன்.

மருமகள்: ஓ... ஏழு வருஷம் எங்க இருந்தீங்களாம்?

மகன்: இதப் பாரு, வம்புக்கு வரலை நான்.

மாமியார்: இரு. அவளை இல்லைன்னுட்டே. சரி. நான் எங்க இருக்கேன்?

மகன்: என்ன?

மாமியார்: கட்டிக்கப் போற பொண்ணு உங்க அம்மா எங்கேன்னு கேட்டிருப்பாளே. என்ன சொன்னே? வெளிநாடா? முதியோர் இல்லமா?

மகன்: ...நீ இல்லைன்னு சொன்னேன்.

மாமியார்: எங்க இல்லை? ஊர்லயா?

மகன்: அம்மா...

மாமியார்: வீட்டுலயா?

மகன்: உயிரோட இல்லைன்னு.

மருமகள்: அத்தை... தண்ணி கொண்டு வரேன்.

மாமியார்: உக்காரு. எப்போ செத்தேன்?

மகன்: அம்மா, விடு.

மாமியார்: செத்தவளுக்குத் தெரிய வேணாமா? எப்போ?

மகன்: ...நாலு வருஷம் முன்னாடி.

மாமியார்: என்ன நோய்?

மகன்: இதயம்.

மாமியார்: ஆஸ்பத்திரியிலயா?

மகன்: வீட்டுல. தூக்கத்துல.

மாமியார்: பரவாயில்லை. சிரமப்படுத்தாம அனுப்பியிருக்கே. அழுதியா?

மகன்: எப்போ?

மாமியார்: அவகிட்ட சொல்றப்போ. அழுதியா?

மகன்: ...கொஞ்சம்.

மருமகள்: ஏன்? என்னை மறைச்சீங்க, புரியுது. இவங்களை எதுக்கு?

மகன்: வேற வழி தெரியலை. அம்மா இருக்காங்கன்னா எங்கேன்னு கேப்பா. மருமகளோட இருக்காங்கன்னா எந்த மருமகள்னு கேப்பா. நான் அன்னைக்கே கூப்பிட்டேன் இல்லையா, என்கூட வாம்மான்னு? வந்திருந்தா இதெல்லாம் சொல்ல வேண்டியிருந்திருக்காது.

மாமியார்: அப்போ என் சாவுக்கு நான்தான் காரணம்.

மகன்: போன வாரம் அவ போனைக் காட்டினா. "இந்த அம்மா கண்ணு உன் கண்ணு மாதிரியே இருக்கு, யாருன்னு தெரியுமா"ன்னு கேட்டா. எனக்கு உயிரே போயிடுச்சு.

மருமகள்: என்ன சொன்னீங்க?

மகன்: தெரியாதுன்னேன்.

மாமியார்: பெத்த தாயைத் தெரியாதுன்னே.

மகன்: அதனாலதான் சொல்றேன். அவ இன்னும் முழுசாப் பார்க்கலை. பார்க்கிறதுக்குள்ள எடுத்துடுங்க. நான் கெஞ்சிக் கேக்கிறேன்.

மருமகள்: முடியாது.

மகன்: உன்னைக் கேக்கலை.

மருமகள்: என்னைத்தான் கேக்கணும். பக்கம் எங்க ரெண்டு பேருது.

மகன்: யாருது? திரைச்சீலை படம் போட வழி இல்லாம இருந்தீங்க. என் நம்பரைப் போட்டுத் தொடங்கிக் குடுத்தது நான். அஞ்சு நிமிஷத்துல அழிச்சிடுவேன், பார்க்கிறியா?

மருமகள்: அழிங்க. உங்க போன் கையிலதானே இருக்கு? முயற்சி பண்ணிப் பாருங்க.

மகன்: ...பாஸ்வேர்டை மாத்தியிருக்கே.

மருமகள்: நம்பரையும் மாத்தியாச்சு. நீங்க போன மூணாவது நாளே. நீங்க இருந்தப்போ அதுல பதினோரு படம் இருந்துச்சு, பார்த்தவங்க நாலு பேர். அதுல ஒருத்தர் நீங்க. அப்புறம் ஒரு நாள் இவங்க என்னைத் திட்டினது தெரியாம பதிவாயிடுச்சு. நானும் கவனிக்காம போட்டுட்டேன். மறுநாள் பார்த்தா, எங்க வீட்டுலயும் இப்படித்தான், எங்க அம்மாவும் இப்படித்தான்னு நூத்துக்கணக்குல எழுதியிருக்காங்க. அப்போ எங்களோட பேச இந்த வீட்டுல யாரும் இல்லை. அவங்கதான் பேசினாங்க.

மகன்: முகம் தெரியாதவங்க.

மருமகள்: முகம் தெரிஞ்சவரு என்ன பண்ணினார்னு இப்போதான் கேட்டோமே.

மகன்: சரி, மொத்தமா வேணாம். ஒரே ஒரு வீடியோ போடுங்க. உடம்பு சரியில்லை, இதோட நிறுத்திக்கிறோம்னு. பழசை எல்லாம் மறைச்சு வெச்சுக்குங்க. நானே எழுதிக் கொண்டு வந்திருக்கேன். இதைப் படிச்சாப் போதும்.

மாமியார்: குடு, பார்க்கலாம்... கண்ணாடியை எடு... "எங்கள் அன்பிற்கினிய நேயர்களுக்கு." ஏன்டா, நான் என்னைக்காவது இப்படிப் பேசியிருக்கேனா?

மகன்: உன் பாஷைல மாத்திக்கோ.

மாமியார்: "உடல்நலம் கருதி." செத்து நாலு வருஷம் ஆனவளுக்கு உடம்பு என்னடா கெட்டுப் போகும்?

மகன்: அம்மா...

மாமியார்: இந்தா, மடிச்சு வெச்சுக்கோ. நான் படிக்க மாட்டேன்.

மகன்: என் வாழ்க்கையைக் கெடுக்கிறீங்க, ரெண்டு பேரும் சேர்ந்து.

மருமகள்: பதினாலு மாசமா எத்தனை பேர் கேட்டாங்க தெரியுமா, உங்களை? விட்டுட்டுப் போயிட்டார்னு ஒரு நாள்கூட நாங்க சொல்லலை. வேலைக்குப் போயிருக்கார்னு சொன்னோம். நல்ல மகன், நல்ல புருஷன், வேலைதான் ஜாஸ்தின்னு இத்தனை பேரை நம்ப வெச்சிருக்கோம். நீங்க ஒரே மூச்சுல ஒருத்தியைக் கொன்னுட்டு, இன்னொருத்தியைப் பொறக்கவே விடலை.

மகன்: நான் யாரையும்...

மருமகள்: பேப்பரை அனுப்புங்க. படிச்சுப் பார்த்து, என் வக்கீலைக் கேட்டுட்டு, எனக்கு வேணுங்கிறதை எழுத வெச்சுட்டு அப்புறம் கையெழுத்துப் போடுறேன். சத்தம் இல்லாம எல்லாம் முடியாது. இங்க ரெண்டு மெஷின் ஓடுது.

மகன்: அம்மா, நீ சொல்லு. கடைசியா கேக்கிறேன்.

மாமியார்: நாளைக்கும் போடுவோம். நாளான்னைக்கும் போடுவோம்.

மகன்: நீ எப்பவும் அவ பக்கம்தான்.

மாமியார்: அவ பக்கத்துலதானேடா நான் உயிரோட இருக்கேன்.

மகன்: ...பின்னாடி வருத்தப்படுவீங்க.

மாமியார்: அதை நாங்க பார்த்துக்கிறோம். கிளம்பு. பார்த்து, அந்தத் துணிச் சுருளைத் தாண்டிப் போ.

மருமகள்: ...போயிட்டார்.

மாமியார்: கதவைத் தள்ளிச் சாத்து. லேசா சாத்தினா ஒட்டாது.

மருமகள்: சாத்திட்டேன்.

மாமியார்: மணி என்ன?

மருமகள்: நாலரை.

மாமியார்: ஆறு ஜன்னல் இருக்கு. உக்காரு.

மருமகள்: உங்க நூல் அறுந்து போச்சு, அத்தை.

மாமியார்: போகட்டும். நீ ஊசியில நூலைக் கோத்துக் குடு.

மருமகள்: குடுங்க... அந்தக் கேள்வி வந்ததே, உங்க மகன் எங்கேன்னு. அந்த இடத்தை வெட்டிடலாமா?

மாமியார்: வெட்டாதே. இன்னைக்கு எடுத்ததை மொத்தமா தூக்கிப் போட்டுட்டுப் புதுசா எடு. இனிமே வேலைக்குப் போயிருக்கான்னு என் வாயால வராது.

மருமகள்: வேற என்ன சொல்லப் போறீங்க?

மாமியார்: நான் இருக்கேன்னு சொல்லுவேன். அவன் போயிட்டான், நாங்க ரெண்டு பேரும் இருக்கோம்னு சொல்லுவேன். திட்டவும் மாட்டேன், அழவும் மாட்டேன். சொல்லிட்டு, குழாய் ரிப்பேர் பண்றவன் இன்னைக்கும் வரலைன்னு சொல்லுவேன்.

மருமகள்: அவர் பேரைச் சொல்லுவீங்களா?

மாமியார்: எதுக்கு? அவன் பேரைச் சொன்னா அவனைப் பத்தித்தான் பேச்சு ஓடும். இத்தனை நாள் நம்மைப் பத்தி ஓடினது. அதுவே ஓடட்டும்.

மருமகள்: பாதிப் பேர் போயிடுவாங்க, அத்தை. இவ்வளவு நாள் பொய் சொன்னீங்களான்னு கேப்பாங்க.

மாமியார்: கேக்கட்டும். ஆமான்னு சொல்லலாம். போறவங்க போகட்டும். பாதி போனா மீதி எவ்வளவு?

மருமகள்: எண்பது, தொண்ணூறாயிரம் பேர் இருப்பாங்க.

மாமியார்: இந்த வீட்டுக்குள்ள அவ்வளவு பேருக்கு இடம் இருக்கா? அது போதும்.

மருமகள்: சரி... போனை எடுத்துட்டு வரேன்.

மாமியார்: இரு. அதுக்கு முன்னாடி ஒண்ணு. கோவப்படாதே.

மருமகள்: என்ன?

மாமியார்: போன செவ்வாய்க்கிழமை கண் டாக்டர்கிட்டப் போறேன்னு போனேனே... டாக்டர்கிட்டப் போகலை. அந்தப் பொண்ணைப் பார்க்கப் போனேன்.

மருமகள்: எந்தப் பொண்ணை?

மாமியார்: அவன் கட்டிக்கப் போறேன்னு சொன்னானே, அவளை. பத்து நாள் முன்னாடி எனக்குப் போன் பண்ணினா. புருவத் தையலையும் தும்மலையும் கேட்டு, சந்தேகப்பட்டு, பழைய வீடியோ எல்லாத்தையும் உக்காந்து பார்த்திருக்கா. நீங்க உயிரோட இருக்கீங்களான்னுதான் முதல் கேள்வி கேட்டா. அவன் என்னைச் செத்துட்டேன்னு சொன்னதைச் சொல்லிட்டு அழுதா.

மருமகள்: அப்போ... அவர் இங்க சொல்றதுக்கு முன்னாடியே உங்களுக்குத் தெரியும்.

மாமியார்: தெரியும். ஆனா அவன் வாயால வந்தப்போ, தெரிஞ்ச மாதிரியே இல்லை.

மருமகள்: அத்தை...

மாமியார்: நான்தான் அவகிட்ட சொன்னேன், அவனுக்கு நம்ம வீடியோவைக் காட்டு, யாருன்னு மட்டும் கேளு, பதறிக்கிட்டு இங்க ஓடி வருவான்னு. உனக்காகத்தான் வர வெச்சேன். வேலைன்னு சொல்றப்போ எல்லாம் உன் குரல் இறங்கிடுது. இவ இன்னும் அவனுக்காகக் காத்திட்டிருக்கான்னு நினைச்சேன். நான் சொன்னா நீ நம்ப மாட்டே. அவனே சொல்லணும், நீ காதால கேக்கணும். அதுவரைக்கும் என் மருமக காதுக்கு ஒரு வார்த்தை போகக் கூடாதுன்னு அந்தப் பொண்ணுகிட்ட வாக்கு வாங்கிட்டேன்.

மருமகள்: அவ என்ன பண்ணப் போறாளாம்?

மாமியார்: அவன் இங்கேயிருந்து திரும்பிப் போய் உண்மையைச் சொல்றானான்னு பார்க்கிறேன்னா. சொன்னாலும் சொல்லாட்டியும் கல்யாணம் கிடையாதாம். கெட்டிக்காரி. ஒண்ணுதான் எனக்குப் புரியலை. நம்ம வீடியோ பக்கத்துல இருக்கிறது உன் நம்பர். என் நம்பரை எங்கேயிருந்து பிடிச்சா?

மருமகள்: நான்தான் குடுத்தேன், அத்தை. உங்களுக்குப் போன் பண்றதுக்குப் பத்து நாள் முன்னாடியே எனக்கு எழுதிட்டா. அன்னைக்கே அவருக்காகக் காத்திருக்கிறதை விட்டுட்டேன். குரல் இறங்கினது உங்களை நினைச்சு... மகன் வருவான்னு இவங்க வாசலைப் பார்த்துட்டிருக்காங்களே, இவங்களை அவர் சாகடிச்சிட்டார்னு எந்த வாயால சொல்றதுன்னு. என்னால முடியலை. அதான் உங்க நம்பரைக் குடுத்து, நீயே சொல்லும்மா, எனக்குத் தெரியும்னு மட்டும் என் அத்தைகிட்ட சொல்லிடாதேன்னேன்.